கீழ் போல்ட்

என் தம்பி இருபத்திரண்டு வருஷம் ஒரே ஒர்க்‌ஷாப்பில் கார் பிரேக் வேலை பார்த்தவன். அவன் கை பட்ட சக்கரம் எதுவும் குறை சொல்லிக்கொண்டு திரும்பி வந்ததில்லை. அக்கா என்பதால் இதைச் சொல்லவில்லை. அவனைக் கண்டால் ஆகாதவர்கள்கூடச் சொல்வார்கள். ஒரே ஒரு வண்டி மட்டும் விதிவிலக்கு. அதைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

அவனுக்கு இடது கைப் பழக்கம். சின்ன வயதில் அதற்காக அவன் வாங்காத அடி இல்லை. ஒர்க்‌ஷாப்பில் அதுவே அவனுக்குச் சோறு போட்டது. சக்கரத்துக்குப் பின்னால், மற்றவர்கள் கை மடங்காத இடத்தில், அவன் கை சுளுவாகப் போய்வரும். பெயரே ‘இடக்கை’ என்றாகிவிட்டது. எந்த வண்டியில் போல்ட் துருப்பிடித்து இறுகிக்கிடந்தாலும், “இடக்கையக் கூப்பிடு” என்பார்கள். அடித்துப் பிடுங்க மாட்டான். எண்ணெய் விட்டு, தட்டி, காத்திருந்து, பூட்டில் சாவி திரும்புகிற மாதிரி கழற்றி எடுப்பான்.

திரும்ப மாட்டும்போது அவனுக்கு ரெண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, போல்ட்டின் திருகு மரையில் ஒரு சொட்டு நீலப் பசை விடுவான். காய்ந்தால் வண்டி எவ்வளவு குலுங்கினாலும் போல்ட் தானாக அவிழாது. முதலாளி மகன் அதை வீண் செலவு என்று வாங்கித்தர மறுத்ததால், தன் காசில் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருப்பான். வேறு யாரும் அந்த ஒர்க்‌ஷாப்பில் பசை போட்டதில்லை. இரண்டாவது, சிவப்புக் கோடு. ஸ்பேனரால் இறுக்கி முடித்ததும் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை ஒரு கோடு இழுப்பான். முதல் கோடுகளை என் கல்யாணத்துக்கு வாங்கிய நெயில் பாலிஷில்தான் போட்டான். “கோடு இருந்தா என் ஸ்பேனர் பட்டிருக்குன்னு அர்த்தம்க்கா” என்பான். வண்டிக்காரர்கள் குனிந்து பார்த்து, கோடு இருந்தால்தான் சாவியை வாங்கிக்கொள்வார்கள். அதைப் பார்த்த முதலாளி மகன் ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட் வாங்கி வைத்து, எல்லாரும் கோடு போடுங்கள் என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து எது யார் கோடு என்று தெரியாமல் போயிற்று.

அப்புறம்தான் எங்கள் ஊர்த் தபால்காரரின் கார் விபத்து. அந்த ஒர்க்‌ஷாப்பில் பிரேக் வேலை முடிந்து போன பன்னிரண்டாம் நாள், முன்சக்கரத்தில் பிரேக்கைப் பிடித்துநிற்கும் ரெண்டு போல்ட்டில் மேல் போல்ட் ஓடும்போதே கழன்று விழுந்தது. கனமான பிரேக் பாகம் கீழ் போல்ட்டில் தொங்கி, சக்கரத்துக்குள் சிக்கி, கார் விளக்குக் கம்பத்தில் மோதியது. தபால்காரரின் வலது முட்டி நொறுங்கிவிட்டது. தெருத்தெருவாக நடந்தவரை ஆபீசுக்குள் உட்கார்த்தி, கடிதம் பிரிக்கிற வேலையில் போட்டார்கள். மேல் போல்ட் இருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் பாதிச் சிவப்புக் கோடு மிச்சமிருந்தது. முதலாளி மகன் அதைக் காட்டி, “இது இடக்கை வேலைதான்” என்று சொல்லி என் தம்பியை வேலையிலிருந்து அனுப்பிவிட்டான்.

“நான் அந்த வண்டியத் தொடவே இல்ல. அன்னைக்கு நான் வேற ஒரு வேன் வேலையில இருந்தேன். வெல்டிங்காரர்தான் அந்தச் சக்கரத்தப் பாத்தாரு” என்று தம்பி சத்தியம் செய்தான். ஒர்க்‌ஷாப்பில் அவனோடு வேலை பார்த்த அந்த வெல்டிங்காரர் அடுத்த மாதமே வேறு ஊருக்குப் போய்விட்டார். தம்பி சொன்னதை நான் நம்பினேன். இப்போதும் அவன் பொய் சொன்னான் என்று எழுத மாட்டேன்.

ஒன்றரை வருஷம் எங்கள் வீட்டு முன்புறக் கொட்டகையில், தெரிந்தவர்களின் வண்டியை மட்டும் பார்த்தான். நான் தையல் மிஷினில் இருப்பேன், அவன் வாசலில் படுத்திருப்பான். வாரத்துக்கு ஒரு வண்டி வந்தால் அதிகம்.

ஒருநாள் தபால்காரரே கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். நான் எழுந்து நின்றேன். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“உக்காரும்மா. வண்டி ஒன்றர வருசமா தார்ப்பாய்க்குள்ள கெடக்கு. பொண்ணு வேலைக்குப் போக வேணுங்கிறா. பிரேக்க நீதான் பாக்கணும் தம்பி.”

தம்பி எழுந்து வந்தான். “என்னையா சார்?”

“பின்ன யார? அன்னைக்கே முதலாளி மகன்கிட்ட சொன்னேன், இடக்கை கோடு போட்டா போல்ட்டு விழாதுடான்னு. போஸ்டாபீஸ்ல உன்னால எத்தன பேர்கிட்ட வாயக் குடுத்திருக்கேன் தெரியுமா? என் முட்டி போனது போனதுதான். உன் பேரு ஏன் போகணும்?”

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டார்கள். தம்பி ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினான். கீழ் போல்ட் அப்படியே இருந்தது. துரு மூடி, தலை வீங்கி, அதன் குறுக்கே மங்கிய சிவப்புக் கோடு. வெகுநேரம் அதையே பார்த்தான்.

“அக்கா, ஒரே நாள்ல ஒரே கை மாட்டின ரெண்டு போல்ட்டுல இது ஒண்ணு. இதோட மரையில நீலம் இல்லன்னா, அந்தச் சக்கரம் என் கையில்லன்னு உறுதியாயிரும். இத முழுசா வெளிய எடுக்கணும்.”

“எடுத்தா?”

“ஒர்க்‌ஷாப்புக்கே போய் மேசை மேல வைப்பேன்.”

அவன் முகத்தில் ஒன்றரை வருஷமாகக் காணாத வெளிச்சம் வந்தது. ஆனால் அந்தப் போல்ட்டை நினைத்தபடி கழற்றிவிட முடியாது. நெருப்பு காட்டினால் எந்தத் துருவும் இளகும், கூடவே பசையும் கருகிப்போகும். அப்புறம் நீலம் இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பலத்தைக் காட்டினால் தலை மட்டும் முறிந்து கையில் வரும். நெருப்பும் இல்லாமல், பலமும் இல்லாமல் எடுக்க வேண்டும்.

முதலில் கம்பி பிரஷால் துருவைச் சுரண்டினான். என் தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியை வாங்கிக்கொண்டான். எண்ணெய் விடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு. ஒவ்வொரு தடவையும் நாலு சொட்டு. ஐந்தாவது சொட்டு வழிந்தால் துடைத்துவிடுவேன். அதற்கு அரைமணி கழித்து அவன் சின்னச் சுத்தியலால் போல்ட்டின் தலையில் நேராக இருபது தட்டுத் தட்டுவான்.

என் வீட்டுக்காரர் வாசலில் டீ டம்ளரோடு நின்று வேடிக்கை பார்ப்பார். “என்ன மாப்ள, போல்ட்டக் கழட்டுறியா, தாலாட்டுறியா?”

“நீங்க சும்மா இருங்க மாமா.”

“ஒரு நீளப் பைப்பா மாட்டி மிதிச்சா அலறிக்கிட்டு வராதா?”

“வரும். தல மட்டும் வரும். அப்புறம் நீங்களும் நானும் ஒக்காந்து ஒப்பாரி வைக்கலாம்.”

ரெண்டாம் நாள் ஸ்பேனரைப் போட்டான். ஸ்பேனர் முனையில் மாட்டுகிற சாக்கெட்டுகளில் பன்னிரண்டு பட்டை உள்ளதை ஒதுக்கிவிட்டு, தலையை முழுக்கக் கவ்வுகிற ஆறு பட்டையை எடுத்தான். முதலில் இறுக்குகிற பக்கமாக ஒரு மயிரிழை தள்ளினான்.

“யோவ், ரிவர்சுல போற!” என்றார் இவர்.

“தெரிஞ்சுதான். துரு எந்தப் பக்கம் ஒடஞ்சா என்ன, ஒடஞ்சாச் சரி. கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளத்தி, இப்படியே போய்வந்தாத்தான் வழி விடும்.”

அன்று சாயங்காலம் போல்ட் அசைந்தது. நகத்தின் அகலம்கூட இருக்காது. இவர் கைதட்டினார். தம்பி சிரிக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினான். சாப்பாடு போடும்போது கேட்டேன்.

“என்னடா? நல்லாத்தானே வருது?”

“துரு விட்டிருச்சுக்கா. துரு விட்டா கடகடன்னு வரணும். இது மொத்தமா ஒரே மாதிரி இழுக்குது.”

எனக்கு அது புரியவில்லை. அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் போல்ட் வெளியே வந்தது. முறியவில்லை, தலை தேயவில்லை, மரை நலுங்கவில்லை. பழைய துணியில் துடைத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். நான் மிஷினை நிறுத்திவிட்டு வந்தேன். மரையின் இடுக்குகளில், காய்ந்த சோப்பு நுரை மாதிரி, நீலம்.

 நான் முதலில் சமாதானம் சொல்லத்தான் பார்த்தேன். வெல்டிங்காரர் உன் பசையை எடுத்துப் போட்டிருப்பார் என்றேன்.

“என் சட்டப்பையில இருந்தத எப்படிக்கா எடுப்பாரு? இரு. ஞாபகம் வருது.”

ஒவ்வொன்றாகச் சொன்னான். அன்று காலையில் அந்தச் சக்கரத்தில் கீழ் போல்ட்டை மாட்டி முடித்தான். மேல் போல்ட்டை மாட்டக் கையில் எடுத்தபோது ஒர்க்‌ஷாப்பின் அந்தக் கோடியிலிருந்து முதலாளி மகன் கத்தினான். ஒரு வேனில் போல்ட் சிக்கி, நாலு பேர் தோற்று நிற்கிறார்கள். “இடக்கை, இங்க வாடா, உன்னால மட்டும்தான் முடியும்!” இவன் மேல் போல்ட்டை வெல்டிங்காரர் கையில் கொடுத்துவிட்டு ஓடினான். வேனில் ரெண்டு மணி நேரம். போல்ட் வந்ததும் நாலு பேரும் சீட்டி அடித்தார்கள். திரும்பி வந்தபோது மேல் போல்ட் அதன் இடத்தில் இருந்தது. “மாட்டியாச்சா?” என்றான். “ஆச்சுண்ணே” என்றார் வெல்டிங்காரர். அவர் விரலால் மட்டும் திருகி மாட்டியிருக்க வேண்டும். ஸ்பேனர் போட வேண்டியது இவன் என்று நினைத்திருப்பார். இவனோ அவர் போட்டுவிட்டார் என்று நினைத்தான். பிரஷை எடுத்து ரெண்டுக்கும் கோடு போட்டுவிட்டு நகர்ந்தான்.

“சீட்டி அடிச்சது மட்டும் மனசுல நின்னிருச்சு. இது மறந்தே போச்சுக்கா.”

அடுத்து நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். அவன் கையிலிருந்து போல்ட்டை வாங்கி, கம்பி பிரஷை எடுத்து, மரையைத் தேய்க்க ஆரம்பித்தேன். நாலு தேய்ப்பில் நீலம் போய்விடும். அப்புறம் அது வெறும் போல்ட். அதை எந்த மேசைமேலும் வைக்கலாம்.

“என்னக்கா பண்றே?”

“நீ வாய மூடு. மேல் போல்ட்ட நீயா மாட்டின? கூப்பிட்டவன் எவன்? மாட்டினவன் எவன்? ஒன்றர வருசம் ஒனக்கு நடந்தது போதாதா?”

பிரஷைப் பிடுங்கினான். அவன் என்மேல் கை ஓங்கியதில்லை. அன்று என் மணிக்கட்டைப் பிடித்த பிடி ஒரு வாரம் வலித்தது.

“கோடு நான் போட்டேன்க்கா. அவரு கோட்டப் பாத்துத்தான் சாவிய வாங்கினாரு.”

பிரேக் வேலையை முழுசாக முடித்தான். புதுப் பிரேக் பேடு, ரெண்டு புதுப் போல்ட், நீலப் பசை, அளவான இறுக்கம். எல்லாம் முடித்து மறுநாள் காலையில் தபால்காரரை வரச்சொன்னான். பழைய போல்ட்டை அவர் கையில் வைத்தான். வேன், சீட்டி, கோடு, எல்லாவற்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். நான் கதவருகே நின்றிருந்தேன்.

தபால்காரர் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், “நீ ஸ்பேனர் போட்டுப் பாக்கல” என்றார்.

“இல்ல சார்.”

“பாக்காம கோடு போட்ட.”

“ஆமா சார்.”

“ஊரு பூரா உன்னச் சொல்லிச்சு. நான் ஒருத்தன்தான் இல்லன்னேன். என்னக் கிறுக்கன் ஆக்கிட்டியேடா.” அதுவரை அவர் தம்பி என்றுதான் கூப்பிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அவன் சொல்லாம இருந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? வலிய வந்து சொல்றவனையா திட்டுவீங்க?” என்றேன்.

“சொல்லாம இருந்திருக்கலாம்மா” என்றார். “எனக்குக் கால் போயும் ஒரு நம்பிக்கையாவது மிச்சமிருந்துச்சு.”

வண்டியின் பக்கமாக நடந்து, குனிய முடியாமல் கைத்தடியை ஊன்றிக் குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப்பார்த்தார். புதுப் போல்ட்டுகளில் கோடு இல்லை. தம்பி போடவில்லை. அவர் ஏன் என்று கேட்கவுமில்லை, சாவியை வாங்கவுமில்லை. மத்தியானம் ஓர் ஆளை அனுப்பி வண்டியை மறுபடி கட்டி இழுத்துக்கொண்டு போனார். பழைய ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து முன்சக்கரம் ரெண்டையும் பிரித்துப் பார்க்கச் சொன்னாராம். பிரித்தவர்கள் ஒரு குறையும் காணவில்லையாம். ஆனாலும், “அவனே ஒத்துக்கிட்டான் பாத்தியா” என்றுதான் முதலாளி மகன் ஊர் முழுக்கச் சொன்னான். வேனுக்குக் கூப்பிட்டது தான்தான் என்பதை எங்கும் சொல்லவில்லை.

எங்கள் கொட்டகைக்கு அப்புறம் ஒரு வண்டியும் வரவில்லை. அதில் இப்போது என் தையல் துணி மூட்டைகள் கிடக்கின்றன.

தம்பி பழைய வண்டி உடைக்கிற கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். கேஸ் கட்டரால் போல்ட்டுகளை அறுக்கிற வேலை. ஒரு போல்ட்டுக்கு அரை நிமிஷம். இருபத்திரண்டு வருஷம் போல்ட்டிடம் நெருப்பைக் காட்டாதவன், காலையிலிருந்து சாயங்காலம்வரை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெருப்பையே பிடித்துநிற்கிறான். இடது கையில் புள்ளிபுள்ளியாகச் சுட்ட தழும்பு.

ஒருநாள் மருந்து தடவிக்கொண்டே, “வேல பிடிச்சிருக்காடா?” என்று கேட்டேன்.

“சுலபம்க்கா. அங்க எதையும் திருப்பி மாட்ட வேண்டியதில்ல.”

தபால்காரர்மேல் குற்றம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கைத்தடிச் சத்தம் எங்கள் தெருவில் கேட்டால் நான் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறேன். உள்ளே இருந்தால் தம்பி எழுந்து வந்து மறுபடி திறந்துவைக்கிறான்.