ஒன்பது செவ்வாய்க்கிழமை வெல்லம்

நான் செய்த குற்றங்களில் தண்டனையே கிடைக்காமல் போனது ஒன்று உண்டென்றால் அது அம்மனுக்குச் சேர வேண்டிய வெல்லத்தைத் தின்றதுதான். ஒரு தடவை அல்ல, ஐந்து தடவை. எழுபத்தைந்தோ எழுபத்தாறோ, எனக்கு ஒன்பது வயது. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் ஊர். கரும்பும் கடலையும் விளைகிற பூமி. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை, ஆக நான்கு பேர். வெல்லம் அத்தையின் கைக்காக நேர்ந்துகொண்டது.

அத்தை வீணை வாசிப்பாள். காடுகரை வைத்துப் பிழைக்கிற எங்கள் வகையறாவில் வீணை என்பதே வேண்டாத வேலை. பாலக்காட்டில் உறவுக்காரர் வீட்டில் தங்கி மூன்று வருஷம் படித்தபோது, பக்கத்துத் தெருவில் யாரோ வாசித்ததைக் கேட்டுப் பைத்தியம் பிடித்து, அடம்பிடித்துக் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள். தங்கை மேல் அப்பாவுக்கு உயிர். ஒரு வீணையை வாங்கி, மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, பிள்ளையைக் கிடத்துவதுபோலக் கிடத்திக் கொண்டுவந்தார். மத்தியானங்களில் மலைக்கணவாய்க் காற்று பனைமரங்களை உலுக்கிக்கொண்டு வரும். அதற்குள்ளே எங்கேயோ வீணையும் கேட்கும். எது காற்று, எது தந்தி என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமலே நான் அதைக் கேட்டுக்கொண்டு தூங்கிப்போவேன். இன்றைக்கும் பலத்த காற்றடித்தால் எனக்குக் கண் சொருகிவிடும்.

அந்தக் கட்டி எப்போது வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. இடது மணிக்கட்டின் மேல்பக்கம், முதலில் பட்டாணி அளவுக்கு இருந்தது. பிறகு சுண்டைக்காய் ஆனது. மார்கழியில் ஒரு சின்ன நெல்லிக்காய். வீணையின் கழுத்தைச் சுற்றிக் கையை மடக்கினால் எழுந்து நிற்கும், நீட்டினால் பாதி அமுங்கிக்கொள்ளும். அழுத்தினால் விரலுக்கடியில் நழுவி ஓடும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அத்தையின் மடியில் படுத்துக்கொண்டு அதை உருட்டி விளையாடுவேன், அவளும் சும்மா விட்டுவிடுவாள்.

தை பிறந்ததும் சாந்தன்பாறையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள்தான், மலையேறிப் போய் ஏலத்தோட்டம் போட்டு நன்றாக இருந்தார்கள். அம்மா முன்யோசனையாக அத்தையின் இடது கையில் ஒரு டஜன் வளையல் அடுக்கியிருந்தாள். தாம்பூலத் தட்டை நீட்டியபோது அத்தனை வளையலும் முழங்கைப் பக்கம் சரிந்துவிட்டன. மாப்பிள்ளையின் தாயார் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பி, நெல்லிக்காயைத் தடவிப் பார்த்தார். கெட்ட மனுஷி அல்ல, பதமாகத்தான் சொன்னார்.

"புள்ள தங்கமாட்ட இருக்குதுங்க. இந்தக் கட்டி மட்டும் கரையட்டும், அப்பறம் தேதி குறிச்சுக்கலாம்."

அப்பா மறுநாளே அத்தையைப் பக்கத்துச் சித்தூருக்கு டாக்டரிடம் கூட்டிப் போனார். இது ஒன்றுமில்லை, உள்ளே வெறும் நீர்தான், மணிக்கட்டை ஓயாமல் மடக்குகிறவர்களுக்கு வருகிற ஒன்று, வேண்டுமானால் கோயம்புத்தூரில் கீறி எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கத்தி என்ற பேச்சு வந்ததுமே அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாராம். ஆகவே காரியம் மாரியம்மனிடம் போயிற்று. கோயில் குளத்தில் வெல்லம் போட்டால், அது கரைகிற மாதிரியே உடம்பில் உள்ள கட்டியும் கரைந்துவிடும். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். இதற்குச் சட்டதிட்டம் உண்டு. ஒன்பது செவ்வாய்க்கிழமை போட வேண்டும். வீட்டு வெல்லம் ஆகாது, கடையில் புதிதாக வாங்கிய அச்சு வெல்லமாக இருக்க வேண்டும். வயதுக்கு வராத பெண் கையால் போட வேண்டும். போட்டபின் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். வீட்டில் வயதுக்கு வராதவள் நான் ஒருத்திதான். இன்னொன்றையும் அம்மா செய்தாள். கட்டி கரைகிறவரை வேண்டாம் என்று வீணையைத் துணியில் சுற்றி நெல் அறையில் வைத்துவிட்டாள்.

முதல் செவ்வாய் நான் ஒழுங்காகத்தான் கிளம்பினேன். ராவுத்தர் கடையில் வெல்லம் வாங்கிக்கொண்டு குளத்துக்குப் போகிற வழியில், ஒரு விளிம்பை மட்டும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். விளிம்பு போனபின் மீதி என்ன பாவம் செய்தது? குளத்துக்கு வந்து சேர்ந்தபோது கையில் காகிதம்தான் இருந்தது. அதைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தேன். அந்த ஒரு விதியை மட்டும் நான் கடைசிவரை மீறவில்லை.

இதற்கு நடுவில் எனக்கு வேறொரு ரகசியமும் தெரியும். தபால்காரரிடம் நான்தான் ஒரு பழுப்பு உறையை வாங்கி அத்தையிடம் கொடுத்திருந்தேன். பங்குனிக் கடைசியில் ரேடியோவில் வாசிப்பதற்கு ஒரு பரீட்சை வைக்கிறார்கள், அதற்கு அத்தையை வரச்சொல்லி எழுதியிருந்தது. தேறிவிட்டால் ரேடியோவில் அவள் பெயரைச் சொல்லி, பிறகு அவள் வீணையைப் போடுவார்கள். அப்பாவிடம் நேரம் பார்த்துத் தானே சொல்வதாகவும், அதுவரை நான் வாயைத் திறக்கக் கூடாதென்றும் அத்தை கேட்டுக்கொண்டாள். அவளுடைய கணக்கு எவ்வளவு சுலபம் என்று இப்போது தெரிகிறது. கட்டி இருக்கிறவரை கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லாமல் பங்குனியைத் தாண்டிவிட்டால் பரீட்சைக்குப் போய்விடலாம். அன்றைக்கு என் மரமண்டைக்கு வீணை வேறு, கட்டி வேறு, வெல்லம் வேறு.

மத்தியானம் அம்மா கண்ணயர்ந்ததும் அத்தை நெல் அறைக்குள் போவாள். நான் வாசற்படியில் காவல். உள்ளே நெல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீணையை மடியில் சாய்த்துக்கொள்வாள். தந்திகளின் மேல் ஒரு பழைய சேலைத் துணியைப் போட்டுவிட்டு, வலது கையைத் தொடையில் வைத்துக்கொள்வாள். இடது கை மட்டும் பித்தளை மெட்டுகளின் மேல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். சத்தமே இருக்காது. ஓட்டுச் சந்து வழியாக விழுகிற வெயிலில் நெல் தூசி மிதந்துகொண்டிருக்கும். அத்தையின் தலை லேசாக ஆடும், உதடு முணுமுணுக்கும், ஒரு இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் விரலை ஒரே மெட்டில் அசைத்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது கேட்டது. யாரும் நம்ப வேண்டாம், சத்தியமாகக் கேட்டது. அப்புறம் அவள் எழுந்து சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கையை வைத்துக்கொள்வாள். முகம் சுருங்கும். கட்டி வலிக்கிறதென்று எனக்குத் தெரிந்துபோகும். அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஒவ்வொரு புதன்கிழமையும் அம்மா ஒரு நூலால் கட்டியைச் சுற்றி அளப்பாள். ஐந்து வாரத்தில் நூல் நீண்டதே தவிரக் குறையவில்லை. வேண்டுதலில் எங்கேயோ குற்றம் நடந்திருக்கிறது என்று அம்மா சொன்னாள். அன்றைக்கே நெல் அறையில் அத்தையிடம் போய், அழுகையும் மூக்குச்சளியுமாக எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவள் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள்.

"அடுத்த வாரமும் நீயே தின்னுரு அம்முணி. சாமி கோவிச்சுக்காது."

இதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்பதுதான் வேடிக்கை. என் நாக்கு ருசிக்காக அத்தை வலியைப் பொறுத்துக்கொள்கிறாள்! இப்படி ஒரு அத்தை யாருக்குக் கிடைப்பாள் என்று மனம் உருகிப்போனேன். அதோடு வெல்லம் எனக்குக் கசந்துவிட்டது. ஆறாவது செவ்வாயும் ஏழாவது செவ்வாயும் முழு அச்சையும் குளத்தின் நடுவே எறிந்தேன். கட்டி அசையவில்லை. ஐந்து வாரப் பாவத்துக்கு இரண்டு வாரப் புண்ணியம் எந்த மூலைக்கு?

ஏழாவது செவ்வாய் ராவுத்தர், வாராவாரம் இந்த வெல்லம் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவருடைய பெரியம்மாவுக்கும் இதே இடத்தில் இப்படி ஒன்று இருந்ததாம், அரிசி அளக்கிற அரைப்படியை எடுத்து வீட்டில் ஒருவர் அடித்தாராம்.

"ஓங்கி ஒரே போடு. அன்னியோட போச்சு," என்றார் ராவுத்தர், வெல்லத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டே.

மறுநாள் மத்தியானம் அத்தை பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இடது கை உள்ளங்கை தரையில் படக் கிடந்தது, நெல்லிக்காய் மேலே தெரிந்தது. அரைப்படி இரும்பு, எலும்பில் பட்டால் நோகுமே என்று அதற்கு ஒரு துண்டைச் சுற்றினேன். என்ன கரிசனம் பாருங்கள். மாரியம்மனிடம் ஒருமுறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தூக்கி ஒரே போடு போட்டேன்.

அத்தை அலறிய அலறலில் அம்மா விழுந்தடித்து ஓடிவந்தாள். என் கன்னத்தில் ஒன்று விழுந்தது. இரண்டாவதுக்குக் கை ஓங்கிய அம்மா, அத்தையின் மணிக்கட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். சிவந்துபோய், கொஞ்சம் வீங்கி, ஆனால் தட்டையாக இருந்தது. ஓங்கிய கையாலேயே என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அத்தை மணிக்கட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். எங்கே போயிற்று என்று தேடுகிற மாதிரி இருந்தது. பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். ரொம்ப வலிக்கிறதென்று நினைத்து நான் ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தேன். அவள் கையை நீட்டினாள், நான் தேய்த்துவிட்டேன்.

அன்று மாலையே அப்பா தபாலாபீசுக்குப் போய்ச் சாந்தன்பாறைக்குத் தந்தி அடித்தார். அரைப்படி விஷயம் வெளியே போகக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. ஊரில் எல்லோருக்கும் அம்மன் குளத்து வெல்லம்தான் கரைத்தது. பங்குனி நடுவில் முகூர்த்தம் வைத்தார்கள். அதற்குப் பத்து நாள் கழித்து அத்தையின் பரீட்சை.

அதற்கு மேல் மறைக்க முடியாமல் அத்தை பழுப்பு உறையை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள். நானும் கூட நின்றேன். அப்பா கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் படித்தார். அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, அதை நான் பார்த்தேன்.

"பரீட்ச எங்க ஓடிப்போகுது சாமி? கண்ணாலம் முடியட்டும். அப்பறம் அவிய ஊட்டுல கேட்டுட்டுப் போய்க்க," என்றார்.

அப்பா எவ்வளவு நல்லவர், மறுக்கவே இல்லையே என்று நான் நினைத்தேன். அத்தை சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை உறைக்குள் போட்டுக்கொண்டாள். எனக்கு நன்றி சொல்லுவாள் என்று இரண்டு நாள் பின்னாலேயே சுற்றினேன். மூன்றாம் நாள் என் கன்னத்தைத் தடவி, அம்மா அடித்தது இன்னும் வலிக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த கோடை விடுமுறையில் பொள்ளாச்சி, தேனி, போடி என்று பஸ் மாறி அம்மாவும் நானும் மலையேறினோம். சாந்தன்பாறையில் பகலிலேயே மஞ்சு இறங்கியிருந்தது. பக்கத்து மரம் தெரியவில்லை. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரிலிருந்து வாசனை வந்து வீட்டுக்குள் நிறைந்திருந்தது. ஏதோ தூக்கத்துக்குள் நடப்பதுபோலவே அங்கே நாலு நாள் இருந்தேன். அத்தை நன்றாகத்தான் இருந்தாள். மாமா மரியாதையான மனிதர், அவளை அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. வீணை சீரோடு மேலே வந்திருந்தது, பரண்மேல் துணி சுற்றியபடி கிடந்தது. ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னேன். இந்த ஈரத்துக்குத் தந்தியெல்லாம் துருப்பிடித்துவிட்டது என்று சொல்லி எனக்குப் பணியாரம் ஊற்றப் போய்விட்டாள். பரீட்சையைப் பற்றி நானும் கேட்கவில்லை, மறந்தே போயிருந்தது.

அடித்து உடைத்த கட்டி அப்படியே போய்விடாது, அந்தக் கை அதே வேலையைச் செய்துகொண்டிருந்தால் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும் என்று என் நாற்பதாவது வயதில் ஒரு டாக்டர் பேச்சுவாக்கில் சொன்னார். வீட்டுக்கு வந்து, சாந்தன்பாறைக்குப் போன கோடைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

அந்த முதல் தடவைக்கப்புறம் ஒவ்வொரு கோடையிலும் நான் அங்கே போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி, அத்தையைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் அவள் இடது கையைத்தான் பிடித்துத் திருப்பிப் பார்ப்பேன். மணிக்கட்டு மழமழவென்று இருக்கும். அமுக்கிப் பார்ப்பேன், மடக்கிப் பார்ப்பேன். என் ஒரு அடி எவ்வளவு சுத்தமான அடி என்று எனக்குத் தலைகால் புரியாது.

"இந்த வருசமும் வரலைம்மா," என்று பின்னால் மூட்டையோடு வருகிற அம்மாவுக்குக் கேட்கும்படி கத்துவேன். அத்தை கையை இழுத்துக்கொள்ளாமல், நான் பார்த்து முடிக்கிறவரை நீட்டியபடியே நிற்பாள்.