இரண்டு நாடுகளுக்கு எழுதிய கடிதம்

நான் திருகோணமலையில் ஓட்டோ ஓட்டுகிறேன். வெளிநாட்டுக்காரர் ஏறினால் கோயில், வெந்நீர்க் கிணறு, கடற்கரை என்று வழக்கமான சுற்றுத்தான். போன வருடம் ஏறிய ஒரு வெள்ளைக்காரர் மட்டும் நிலாவெளி ரோட்டிலுள்ள போர்க் கல்லறைக்கு விடச் சொன்னார். எழுபது வயது இருக்கும். இரண்டாம் உலகப் போரில் யப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட அன்று செத்த இங்கிலாந்து மாலுமிகளில் ஒருவர் அவருடைய பெரியப்பாவாம்.

பதிவேட்டைப் புரட்டி, வரிசை பார்த்து, ஐந்து நிமிடத்தில் கல்லைக் கண்டுபிடித்துவிட்டார். பெயரும் வயதும் தெளிவாக வெட்டியிருந்தது. சுற்றிவரப் புல்லை ஒட்ட நறுக்கியிருந்தார்கள். முழங்காலில் நின்று கல்லைத் தடவி அழுதார். மகனை இழந்த தாய்க்குச் சாகும்வரை பென்சன் வந்தது, அதுவாவது கிடைத்ததே என்று என்னிடம் சொன்னார்.

திரும்பும்போது, உங்கள் ஆட்கள் யாரும் அந்தப் போரில் செத்தார்களா என்று மரியாதைக்காகக் கேட்டார். ஓம் என்றேன். அதே காலை, அதே துறைமுகம், என் அப்பப்பா. இங்கிலாந்துக் கடற்படைக்கு மூட்டை இறக்கப் போன கூலியாள். அப்பாவுக்கு அப்போது ஒரு வயது. தேடிப் போன சொந்தக்காரரைத் துறைமுகக் கேற்று வாசலிலேயே மறித்து அனுப்பிவிட்டார்கள். உடம்பும் வரவில்லை, ஒரு துண்டுக் கடிதமும் வரவில்லை, நட்டஈடும் வரவில்லை, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டேன்.

தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு, அது மிகப் பழைய கதை, இனி யார் யாருக்கு நட்டஈடு கொடுப்பது, தொடங்கினால் எல்லா நாடும் எல்லா நாட்டிடமும் கேட்கவேண்டி வரும் என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. ஓட்டோவை ஓரமாக நிறுத்தி, தெரிந்த இங்கிலீசில் சொன்னேன்.

"உங்கட பெரியப்பாவின்ர கல்லை இண்டைக்கும் துடைச்சு வைச்சிருக்கினம். அதுக்குப் பழசாகாத போர், நான் கேக்கேக்க மட்டும் எப்பிடி ஐயா பழசாகும்?"

அவர் ஹோட்டல் வாசலில் இறங்கி மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்கவேண்டிய ஆள் அவர் இல்லை.

அந்தக் கிழமை முடியுமுன்னமே கிண்ணியாவுக்குப் போனேன். அங்கே என் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற தபாலதிபர், நல்ல இங்கிலீசு எழுதுவார். இங்கிலாந்து அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றேன். இதையெல்லாம் நாடு நாட்டிடம்தான் கேட்கவேண்டும், தனி ஆள் கேட்டு என்ன நடக்கும் என்றார் அவர்.

"எங்கட சண்டையில ஆமி பிடிச்சுக்கொண்டு போன என்ர தம்பி எங்க எண்டே கொழும்பு இன்னும் சொல்லேல்ல," என்றேன். "அதுவா என்ர அப்பப்பாவுக்காகக் கேக்கப்போகுது?"

அவருக்கும் அந்தச் சண்டையில் மூதூரில் சொந்தக்காரர் செத்துப்போயிருக்கிறார்கள். கதிரையை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

கல்லில் அப்பப்பாவின் பெயர் வேண்டும், தமிழிலும் வேண்டும் என்றேன். நட்டஈட்டையும் சேர்க்கச் சொன்னேன். பெயரை மட்டும் கேட்டால், அதைத் தருவது தங்கள் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்வார்கள். எவ்வளவு என்று எழுதுவது என்று கேட்டார். ஒரு கூலியாளின் உயிருக்கு எவ்வளவு என்று அவர்களே சொல்லட்டும் என்றேன்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. அனுதாபம் தெரிவித்திருந்தார்கள். அந்தக் காலத்துக் கூலியாட்களின் பட்டியல் தங்களிடம் இல்லையாம். சிநேகிதர் வாசித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பட்டியல் வைத்திருக்காதது அவர்களுடைய பிழை, செத்தவருடைய பிழை இல்லை, அப்படியே எழுதுங்கோ என்றேன். எழுதினார். அன்றைக்கே யப்பானுக்கும் ஒன்று எழுதினோம்.

தபால் கந்தோரில் இருந்த பிள்ளை விலாசங்களைப் பார்த்து, என்ன விசயம் என்று விசாரித்துவிட்டு, ஒரே விசயத்துக்கு ஏன் இரண்டு நாடு என்று கேட்டாள்.

"வேலைக்கு வைச்சது ஒரு ஆள், குண்டு போட்டது இன்னொரு ஆள், தங்கச்சி. ரெண்டு பேரும் பதில் சொல்லவேணும்."

அவள் இரண்டையும் நிறுத்து, முத்திரை குத்தி உள்ளே போட்டாள். இன்னும் பதில் வரவில்லை. மூன்றாவது கடிதத்தில் என்ன எழுதுவது என்று நாங்கள் கதைக்கத் தொடங்கிவிட்டோம்.