நான் மாற்றாத பெல்ட்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நல்ல மழை. தேவகி போன் செய்தார்.

"பாஸ், பேட்டரி லைட் எரிஞ்சிச்சு. ஸ்டியரிங் இறுகிப் போச்சு. சூடு முள்ளு மேல போகுது. ஷா ஆலாம் தாண்டி ஹைவே ஓரமா நிக்கிறேன். அப்பா வண்டியில இருக்காரு. பத்து மணிக்கு அவருக்கு டயாலிசிஸ்."

"இஞ்சினை நிறுத்துங்க. நான் வரேன்."

பேன் பெல்ட் அறுந்துவிட்டது. அந்தக் காரில் தண்ணி பம்ப், ஆல்டர்னேட்டர், ஸ்டியரிங் எல்லாம் ஒரே பெல்ட்டில் ஓடும். அறுந்தால் எல்லாக் கோளாறும் சேர்ந்துதான் வரும்.

அறுந்ததற்குக் காரணம் நான். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

1. பார்க்கும் முறை

கிள்ளானில் முப்பது வருஷமாக போர்மன் வேலை, அதாவது கார் ரிப்பேர். ஐம்பத்து மூன்று வயது. வீட்டில் தனி ஆள்.

பெல்ட் மாற்ற வேண்டுமா என்று பார்ப்பது கஷ்டமில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் கீச்சென்று கத்தும். ஏர்கோன் போட்டால் இன்னும் கத்தும். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்பக்கம் குறுக்கே வெடிப்பு இருக்கும். இல்லையென்றால் கண்ணாடி மாதிரி மினுங்கும். ஒரு தடவை டைட் வைக்கலாம். மறுபடி கத்தினால் மாற்றிவிட வேண்டும்.

தேவகியின் பெல்ட்டுக்கு நான் ஐந்து தடவை டைட் வைத்தேன்.

2. ஐந்து தடவை

பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையில் வேலை அவருக்கு. கல்யாணம் ஆகவில்லை. அப்பாவை டயாலிசிஸ் சென்டரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவார்.

முதல் தடவை உண்மையாகவே டைட் வைத்தால் போதுமாக இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார். நாற்பது புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கலர் சரியில்லை என்று எழுந்து போகும் அம்மாக்களைப் பற்றிச் சொன்னார். எனக்கும் சுளை நீட்டினார். கை கிரீஸ் என்றேன். ஒவ்வொன்றாகப் பிரித்துக் காகிதத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது தடவை வெடிப்பு தெரிந்தது. புது பெல்ட் என் கையிலேயே இருந்தது.

"மாத்தணுமா பாஸ்? வேற கடையா இருந்தா பார்த்தவொடனே மாத்துன்னு சொல்லியிருப்பாங்க. நீங்கதான் நல்லவரு."

புது பெல்ட் போட்டால் வருஷக்கணக்கில் சத்தம் வராது. அவரும் வர மாட்டார். பெல்ட்டை அலமாரியில் திரும்ப வைத்தேன். டைட் வைத்து அனுப்பினேன். காசு வாங்கவில்லை. அதனால் இன்னும் நல்லவனாகிப் போனேன்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் வந்தார். ஒரு தடவை வருவதற்கு முன்னால் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பினார். பத்து விநாடி பெல்ட் கீச்சு. கடைசியில் அவர் குரல், "கேக்குதா பாஸ்?" அதை நான் இன்னும் அழிக்கவில்லை.

பக்கத்தில் வயரிங் பார்க்கும் பாலு கேட்டான்.

"என்னா லா, அந்தக் கார் இங்கேயே குடியிருக்குது?"

"ஒன் வேலையப் பாரு."

"நான் பாக்குறேன். நீதான் பெல்ட்டைப் பாக்க மாட்டேங்கிற. ஓரமெல்லாம் நூல் நூலா தொங்குது. மாத்தித் தொலைடா."

அடுத்த தடவை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்து டைட் வைத்தது ஐந்தாவது தடவை.

3. ஹைவே ஓரம்

நான் போய்ச் சேரும்போது மணி பத்தரை. பின்சீட்டில் அவர் அப்பா கண்ணாடியை விரல் அளவு இறக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சென்டரில் அவர் மெஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

தேவகி குடையை எனக்கு அல்ல, இஞ்சினுக்குப் பிடித்தார். புது பெல்ட்டைப் போட்டேன். அறுந்ததை அவர் கையில் எடுத்து மடக்கிப் பார்த்தார்.

"இது இன்னைக்கு விட்ட வெடிப்பா பாஸ்?"

"இல்ல."

"போன தடவையே இருந்துச்சா?"

"அதுக்கும் முன்னாடியே இருந்துச்சு."

"அப்புறம் ஏன் மாத்தல?"

பதில் இருந்தது. லோரிகள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின. அவர் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனெட்டை இறக்கி மூடினேன்.

"ஒங்கள நம்பித்தான் இவர வச்சு ஓட்டுனேன்," என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் தேவலை.

மறுநாள்தான் மெஷின் கிடைத்தது. அதுவரை பெரியவரால் படுக்க முடியவில்லையாம், உட்கார்ந்தே இருந்தாராம். போன் செய்து கேட்டபோது தேவகி சொன்னார். அதற்குப் பிறகு நான் போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை.

இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் எந்தக் கார் கீச்சிட்டு உள்ளே வந்தாலும் நிமிர்ந்து பார்க்கிறேன். வேறு யாராவதுதான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வெடிப்பைப் பார்த்த அன்றே மாற்றிவிடுங்கள். நல்ல பெயர் கிடைக்காது, காசுக்காக மாற்றுகிறான் என்பார்கள். பரவாயில்லை. வேலை சரியாக இருந்தால் வண்டிக்காரருக்கு நம் ஞாபகமே வராது. தேவகி இப்போது என்னை நினைக்காமல் வண்டி ஓட்டுகிறார் என்றால், அந்தக் கடைசி பெல்ட்டை நான் ஒழுங்காகப் போட்டிருக்கிறேன்.