மாமனாரின் பிரதி

புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முதல் பக்கத்துக் கையெழுத்தின் மேல் லென்ஸை வைத்தார். நேராகப் பார்த்தால் கண் பெயரைப் படித்துவிடும், கோட்டைப் பார்க்காது என்பது அவர் கொள்கை. பழைய புத்தகக் கடை வைத்து, கையெழுத்து அசலா போலியா என்று பார்த்துச் சொல்லும் அவருக்கு மற்றக் கடைக்காரர்கள் மத்தியில் லென்ஸ் என்றுதான் பெயர். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"தடுமாற்றமே இல்ல. ஒரே இழுப்பு," என்றார். "சுத்தமான அசல்மா."

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் அந்தப் புத்தகத்தை எழுதிய நாவலாசிரியரின் மனைவி. எழுத்தாளர் போய்ச் சேர்ந்தபின் வீட்டில் மிஞ்சிய பிரதிகளைப் பையில் போட்டு விற்கக் கொண்டுவந்திருந்தார்.

"அசலாத்தான் இருக்கும் தம்பி. நான் போட்டதாச்சே."

லென்ஸ் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"அவருக்குப் பேனா புடிச்சாலே கை உதறும். கதையெல்லாம் டைப் அடிச்சிருவார். பதிப்பகத்துலேர்ந்து கையெழுத்துக்குன்னு பெட்டி பெட்டியா வரும். நான் அடுப்புல பால வெச்சிட்டு, பொங்கறதுக்குள்ள ஒரு கட்டு முடிச்சிருவேன்."

அந்த அடுப்படிக் கையெழுத்தைத்தான் அசலுக்கு மாதிரி என்று லென்ஸ் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தார்.

"அப்ப அவர் கையெழுத்து?"

"யாராவது நேர்ல புடிச்சிக்கிட்டா போடுவார், பாவம். கோழி கிளறின மாதிரி இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவத் தூக்கி, கோணலா இருக்கான்னு பாத்துப்பார்."

நடுங்கிய கோடு, இடையில் தூக்கிய பேனா. போலிக்கு அவர் ஊருக்கெல்லாம் சொல்லிவந்த அடையாளங்களே இவைதான். இரண்டும் உள்ள ஒரு பிரதியை அவர் பார்த்திருக்கிறார். மாமனாருடையது.

அந்த எழுத்தாளரோடு ஒரே ரயில் பெட்டியில் போய்க் கையெழுத்து வாங்கியதை மாமனார் சொல்லாத ஆள் கிடையாது. உறவெல்லாம் கூடியிருந்த ஒரு நாள், புத்தகத்தைப் பெருமையாக மாப்பிள்ளையிடம் நீட்டினார். மாப்பிள்ளை தலைகீழாகத் திருப்பினார்.

"போலி மாமா."

"ரயில் ஆடிச்சு மாப்பிள்ளை."

"ரயில் ஆடினா கோடு ஆடும். பேனா எந்திரிச்சு எந்திரிச்சு உக்காராது."

அதோடு விட்டிருக்கலாம். போலிகள் மறுபடி சந்தைக்கு வரக்கூடாதென்று லென்ஸ் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் மை டப்பியும் எப்போதும் பையில் வைத்திருப்பார். மாமனார் புத்தகம் என்பதற்காகக் கொள்கையை விட முடியுமா? கையெழுத்துக்குக் கீழே, சிவப்பு மையில், 'போலி' என்று குத்தினார். அதற்குப் பிறகு மாமனார் மகள் வீட்டுப் படி ஏறவில்லை.

சாயங்காலம் மனைவி முழுவதையும் கேட்டாள்.

"ஆக, எங்கப்பா பொய் சொல்லல."

"இல்ல."

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அங்க வந்து சொல்லுங்க."

"வெளிய தெரிஞ்சா கடைப் பேரு என்னாகும்? எத்தன பேருக்கு அசல்னு அடிச்சுச் சொல்லியிருக்கேன்."

"அது உங்க கடை. இது எங்கப்பா. வரும்போது அந்த ஸ்டாம்ப இங்கயே வெச்சிட்டு வாங்க."

மறுநாள் காலை இருவரும் பஸ்ஸில் போனார்கள். மாமனார் கதவைத் திறந்தார். லென்ஸ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மாமனார் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து, சொன்னதை முத்திரைக்குக் கீழே எழுதித் தரச் சொன்னார். 'மேற்படி முத்திரை தவறு. கையெழுத்து அசல்' என்று எழுதி லென்ஸ் கையெழுத்துப் போட்டார். மாமனார் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"நடுங்கியிருக்கே மாப்பிள்ளை. நடுவுல பேனாவும் தூக்கியிருக்கீங்க."

மகள் டீ போட்டாள். மூவரும் குடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வருவதாக மாமனார் சொன்னார். மத்தியானம் லென்ஸ் கடையைத் திறந்து, கல்லாவுக்கு மேலிருந்த சட்டத்தைக் கழற்றினார். அந்த அம்மாள் கொண்டுவந்த புத்தகங்களை முன் அலமாரியில் அடுக்கி, 'எழுத்தாளர் மனைவியின் கையெழுத்துடன்' என்று ஓர் அட்டை எழுதி வைத்தார். பிறகு பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்.