ஊசி நேரத்துப் பட்டம்

என் கணவரின் அண்ணனை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். கெட்டவர் இல்லை. என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஊர் மல்லசமுத்திரத்துக்கும் மருத்துவமனை இருக்கும் சேலத்துக்குமாக அலைந்தவர். அதனாலேயே அவரைத் திட்டவும் முடியாமல் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறேன்.

மகளுக்கு அப்போது ஏழு வயது. முதுகுத்தண்டில் ஊசி குத்தி மருந்து செலுத்துவார்கள். முழங்காலை நெஞ்சோடு மடக்கி, ஒருக்களித்துப் படுத்து, அசையாமல் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளை இருக்கும்? தலையை ஒருவர், இடுப்பை ஒருவர், காலை ஒருவர் என்று அமுக்கிப் பிடிப்போம். முடிந்த பிறகு நெடுநேரம் என் முகத்தையே பார்க்க மாட்டாள்.

பிள்ளைகளின் பயத்தைப் போக்க அந்த மருத்துவமனைக்கு வந்துபோகும் ஒரு பெண்தான் என் செல்போனில் அந்த விளையாட்டை ஏற்றித் தந்தாள். திரையில் ஒரு பட்டம். மெதுவாக ஊதினால் மேலே ஏறும். பதறி ஊதினால் தலைகுப்புற விழும். அவ்வளவுதான். இட்லி ஆறுகிற நேரத்தில்கூட மகள் ஊதிப் பழகினாள். அடுத்த ஊசியின்போது போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். யாரும் அவளை அமுக்கிப் பிடிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனால் மூச்சு சீராக வந்தது.

"மேகத்துக்கும் மேல போயிருச்சு, பாத்தியாம்மா?" என்றாள்.

அதற்கடுத்த ஊசி நாளன்று காலையில் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய உறவு வந்து இறங்கியது. நம் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வந்தால் ஆப்பிள், ரொட்டி, ஆளுக்கொரு யோசனை எல்லாம் கூடவே வரும். நான் கீழே மருந்து வாங்கிவிட்டுத் திரும்பியபோது மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என் போன் மாமாவின் கையில் இருந்தது.

"அந்தக் கேமைத் தூக்கிட்டேன் அம்மணி. எங்கூட்டுப் பையன் இதுலயே உழுந்து கெட்டது பத்தாதா? சீக்குப் புள்ளைக்குக் கண்ணும் போவோணுமா?"

கூட வந்தவர்கள் தலையாட்டினார்கள். எதற்காக ஊதுகிறாய் என்று அவளை ஒரு வார்த்தை கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"மத்தியானம் ஊசிங்க மாமா. அது இல்லாம அவளால முடியாதுங்க."

"கேம் ஆடுனா ஊசி வலிக்காதா? நல்லாச் சொன்ன போ" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டது.

விளையாட்டை ஏற்றித் தந்த பெண்ணைப் போனில் கூப்பிட்டேன். வெளியூரில் இருந்தாள். எல்லோரும் இறக்கிக்கொள்கிற விளையாட்டு இல்லை அது. அவளுடைய மடிக்கணினியிலிருந்துதான் ஏற்ற வேண்டும். ஊசியைத் தள்ளிப்போடக் கேட்டேன். மருந்து நாள் தவறக் கூடாது என்றார் டாக்டர்.

மத்தியானம் உள்ளே கூப்பிட்டார்கள். காலைப் பிடிக்க வீட்டாள் ஒருவர் வேண்டும் என்றார் நர்ஸ். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமா முன்னால் நான் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினேன்.

"நீங்க வாங்க. நீங்கதான் புடிக்கோணும்."

வேனில் வந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

விசைத்தறிக்குப் பாவு நூல் உருளை தூக்கித் தூக்கி உரமேறிய கைகள் அவருடையவை. அந்தக் கைகளால் அவள் முழங்காலை அமுக்கினார். "பெரீப்பா, உடுங்க. உடுங்க பெரீப்பா" என்று அவள் கதறினாள். அவர் என்னைப் பார்த்தார்.

"உட்டுறாதீங்க" என்றேன்.

அவள் திமிறியதில் முதல் தடவை ஊசி சரியாக இறங்கவில்லை. மறுபடியும் குத்தினார்கள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு வேர்த்துக் கொட்டியது. தன் கைகளைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"இத்துனூண்டு புள்ளைக்கு எங்கிருந்து அம்மணி இத்தனை பலம்? என்னையே எத்தித் தள்ளுறாளே."

"பலமில்லீங்க மாமா," என்றேன். "வலிங்க."