அகத்தி வேரின் முடிச்சுகள்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள்; இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே வரவேண்டியது பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சில வருடம் முன்பு சோழவந்தானுக்கு வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் ஒரே வெற்றிலைக் கொடிக்காலை ஆளுக்குப் பாதியாகப் பாடுபட்டார்கள். வரிசையாக அகத்தியை வளர்த்து, அதன்மேல் கொடியை ஏற்றிக் கோரையால் கட்டவேண்டும். நடுவில் ஒரு வாய்க்கால். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிடும்போதெல்லாம் வயிறு எரியும்.

நிலம் கோரிப்பாளையத்து ராவுத்தர் ஒருவருடையது. வயதானவர். ஒருநாள் வந்து வரப்பில் நின்று சொல்லிவிட்டார்:

"ரெண்டு வீட்டுக்கும் குத்தகை பேச என்னால ஆகாதுப்பா. அடுத்த நடவுக்கு ஒருத்தருதான். யாரு இலை நல்லா நிக்குதோ அவுகளுக்கு."

எங்களுக்கு வேறு நிலம் கிடையாது. இது போனால் கூலிதான்.

அந்தச் சமயத்தில்தான் கொடிக்கு மண் அணைக்கும்போது என் வீட்டுக்காரர் அகத்தி வேரில் முடிச்சு முடிச்சாக இருப்பதைப் பார்த்தார். வெற்றிலைக் கொடியின் வேரில் முடிச்சு விழுந்தால் அது நோய்; கொடி காய்ந்துபோகும். அது அகத்தியிலிருந்துதான் தொற்றுகிறது என்று நினைத்து, கைக்கு எட்டிய வேரையெல்லாம் சுரண்டிச் சாம்பலைத் தேய்த்தார். நானும் கூட உட்கார்ந்து சுரண்டினேன். நல்ல காரியம் செய்வதாகவே நினைத்தோம்.

கொஞ்ச நாளில் எங்கள் இலை வெளிறியது. அவர்கள் பக்கம் மட்டும் பச்சை அப்படியே இருந்தது. வீட்டுக்கு விலக்கான நாட்களில் கொடிக்காலுக்குள் போகக்கூடாது. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பேன். உள்ளே வேலையாக இருக்கும்போது தெரியாதது வெளியே நின்றால் பளிச்சென்று தெரியும். ஒரு பாதி பச்சை, ஒரு பாதி மஞ்சள்.

அக்காவும் பார்த்துவிட்டாள்.

"என்னடி தங்கச்சி, உன் இலைக்குக் காமாலையா? கீழாநெல்லி அரைச்சு ஊத்தேன்."

நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு வீட்டுக்கு வந்துதான் வாய் திறந்தது.

"ஏங்க, அவுக வேருக்கு என்னமோ வைக்கிறாக. நீங்க கேக்கவே மாட்டீகளா?"

"சாணி எருதான் வைக்கிறாக. நம்மளும் அதத்தான வச்சோம்."

"அப்ப நம்மது மட்டும் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?"

மறுநாளே அவர் மதுரைக்குப் போய் ஒரு சாக்குச் சீமை உரம் வாங்கிவந்தார். சீனி மாதிரி வெள்ளை உப்பு. இறைத்துத் தண்ணீர் விட்டோம். இலை கறுத்துத் தடித்து, அக்கா பக்கத்து இலையைவிடப் பெரிதாக வந்தது. அன்றைக்குத்தான் வாய்க்கால் ஓரத்தில் நின்று நானாக அவளைக் கூப்பிட்டேன்.

"அக்கா, இங்கிட்டு வந்து பாருங்க."

வந்தாள். ஒரு இலையைக் கிள்ளித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க எருமைக்குக்கூட இம்புட்டுப் பெரிய காது இல்லடி."

சொன்னாளே தவிர, முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

ராவுத்தர் வந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு கட்டு வாங்கி, ஈர வாழைமட்டையில் சுற்றி எடுத்துப்போனார். இலை எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்பது அவர் வழக்கம். அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பி வந்து இரண்டையும் எல்லோர் முன்னாலும் பிரித்தார். அக்காவின் இலை அப்படியே இருந்தது. எங்களுடையது கறுத்து, கொழகொழவென்று கையில் ஒட்டியது. தழைத்த இலையில் நீர்தான் இருந்திருக்கிறது, உறுதி இல்லை.

"மனசுல வச்சுக்காதம்மா. அந்தப் புள்ளைக்குக் கைராசி," என்று என்னைப் பார்த்தே சொன்னார். அந்த ஒரு சொல்தான். நிலம் போனதைவிட அது எனக்குச் சுட்டது.

எங்கள் பக்கத்து அகத்தியை விறகுக்குப் பிடுங்கினோம். வேரில் ஒரு முடிச்சும் இல்லை. சுரண்டிய பிறகு புதிதாக வந்த வேரும் வழவழவென்று இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கரை சரிந்து அக்காவின் அகத்தி வேர் வெளியே தெரிந்தது. முடிச்சு நிறைய இருந்தது. ஒன்றை நகத்தால் பிளந்தேன். உள்ளே இளஞ்சிவப்பு, கழுவின ரத்தம் மாதிரி.

அப்புறம் நான் அவள் கொடிக்காலுக்கே இலை கிள்ளப் போனேன். "காம்ப நீளமா விட்டுக் கிள்ளு தங்கச்சி," என்பாள். வருகிறவர்களிடமெல்லாம் கைராசிக் கதை சொல்லுவாள். நான் குனிந்துகொள்வேன்.

ரொம்ப நாள் கழித்து ரேடியோவில் விவசாயப் பேச்சு ஒன்று கேட்டேன். அகத்தி மாதிரிச் செடிகளின் வேர்முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறதாம். மண்ணில் உப்புரம் மிஞ்சினால் வேர் முடிச்சுப் போடுவதையே குறைத்துக்கொள்ளுமாம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் பயிர்ப் படிப்புப் படித்தவர்கள் யாராவது இதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். சுரண்டியதால் கெட்டதா, உப்பால் கெட்டதா? எதுவானாலும் கைராசி இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். அக்காவுக்கு இன்னும் காது கேட்கிறது. நானே போய்ப் படித்துக் காட்டுவேன்.