இப்போது கால் எங்கே இருக்கிறது

கண்டியிலும் அதைச் சுற்றிலும் வாகனம் பழக்கும் பெண்கள் அதிகம் இல்லை. நான் வேலை செய்யும் சாரதிப் பயிற்சி நிலையத்தில் நான் ஒருத்திதான். நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து, டவுனில் துணிக்கடையில் நின்று, லைசன் எடுத்து, பிறகு மற்றவர்களை லைசன் எடுக்க வைக்கும் அளவுக்கு வந்தவள். பழகுகிறவர்கள் என்னை ‘மிஸ்’ என்று கூப்பிடுவார்கள். ஊரிலிருந்து அப்பா பேசும்போது, பக்கத்தில் யாராவது இருந்தால் குரலைக் கூட்டிக்கொண்டு, “என்னா மிஸ், சாப்பிட்டியா?” என்பார்.

ஒரு மழை நாள் மத்தியானம் குண்டசாலையில் ஒரு லொறி எங்களைப் பின்னாலிருந்து இடித்தது. ஓட்டிக்கொண்டிருந்தது என்னிடம் பழக வந்த, வங்கியில் வேலை செய்யும் ஒரு பெண். அவள் பிழை ஒன்றும் செய்யவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாதையைக் கடக்க மஞ்சள் கோட்டில் இறங்குவதைப் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே அழகாக நிறுத்தினாள். பின்னால் வந்த லொறிக்கு நனைந்த ரோட்டில் நிற்க முடியவில்லை. பின்கண்ணாடி முழுதும் நொறுங்கி எங்கள் கழுத்துக்குப் பின்னால் கொட்டியது. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. எங்கள் இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பெண் அடுத்த வாரமே திரும்ப வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

என்னால்தான் முடியவில்லை.

பழக்குகிறவர் உட்காருவது இடது பக்க இருக்கையில். அங்கே எங்கள் காலடியில் இன்னொரு பிரேக்கும் கிளட்ச்சும் இருக்கும். தலைக்கு மேலே எங்களுக்கென்று தனியாக ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் ஒரு பஸ்ஸோ லொறியோ பெரிதாகி வந்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். மூச்சு பாதியில் நிற்கும். ஒருநாள் பல்லேகலப் பக்கம் போகும்போது தாங்க முடியாமல், “கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்க” என்று சொல்லி இறங்கி, யாரோ வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழக வந்த பையன் பயந்துபோய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பரிசோதித்தார்கள். ஒன்றுமில்லை என்று வேறொரு கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர். என் வயதுதான் இருக்கும். நான் சொன்னதையெல்லாம் இடையில் மறிக்காமல் கேட்டார். பிறகு, “இப்ப உங்கட கால் எங்க இருக்கு?” என்றார்.

நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன்.

“பாக்காமல் சொல்லுங்கோ.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் யோசித்தேன். யோசித்துச் சொல்லக்கூடிய விஷயமல்ல அது என்று உடனே தெரிந்துவிட்டது. வலது கால் கதிரையின் காலில் முட்டிக்கொண்டிருந்தது. இடது குதிகால் நிலத்தில் படவே இல்லை, தூக்கிக்கொண்டு நின்றது. விரல்கள் செருப்பைக் கவ்விப் பிடித்திருந்தன. அப்படி எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தேனோ தெரியாது.

“லொறி இப்ப இந்த அறைக்குள்ள இல்லை. ஆனா உங்கட கால் இன்னும் பிரேக் அடிச்சுக்கொண்டிருக்கு. ஓமோ?”

“ஆமா டொக்டர்.”

“வீட்டில ஒவ்வொரு நாளும் செய்யிற வேலை ஒண்டு சொல்லுங்கோ.”

“தேங்கா துருவுறது.”

“சரி. அதை மட்டும் முழுசாச் செய்யுங்கோ. கை என்ன செய்யுது, என்ன சத்தம் கேக்குது, என்ன மணம் வருது, அவ்வளவுதான். மனசு லொறிக்குப் போகும். போகட்டும். போனது தெரிஞ்சவுடன திரும்பத் தேங்காய்க்கு வாங்கோ. ஏசக் கூடாது, உங்களையும் லொறியையும்.”

மருந்து எழுதித் தருவார் என்று நினைத்துப் போனவளுக்குத் தேங்காய் எழுதித் தந்தார் என்று அன்று மாலை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் களஞ்சியத்தில் வேலை செய்கிறார். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, “அப்ப இனி சம்பல் நல்லா இருக்கும்” என்றார்.

விடியற்காலையில் தேங்காய் துருவுவது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. கை துருவும், மனசு பஸ்ஸைப் பிடிக்க ஓடும். அடுத்த நாள் காலை முதன்முதலாகத் தேங்காயோடு உட்கார்ந்தேன். இரண்டு சுற்று துருவுவதற்குள் லொறி வந்துவிட்டது. திரும்பினேன். மறுபடி வந்தது. மறுபடி திரும்பினேன். அந்தக் காலையில் பாதித் தேங்காய்க்கு மேல் லொறிதான் துருவியது. ஆனாலும் நடுவில் ஒரு சின்ன இடம் கிடைத்தது. துருவல் விழும் சத்தம் ஈரமாகக் கேட்டுக்கொண்டிருந்து, சிரட்டையை நெருங்கும்போது வறண்டு கரகரக்கிறது. அதற்கு முன்பே கையில் ஒரு தடை தெரிகிறது. பல வருஷமாகச் செய்கிற வேலை. அந்தச் சத்தம் மாறுவதை அன்றுதான் கேட்டேன்.

அதற்குப் பிறகு நானாகவே ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டேன். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுத்தால் முதல் வாய் குடிக்கும்வரை போனைத் தொடமாட்டேன். பஸ் தரிப்பில் நிற்கும்போது இரண்டு குதிகாலும் நிலத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வேன். பஸ்ஸில் ஏறினால் ஹோர்ன் சத்தத்தை வெறும் சத்தமாகக் கேட்கப் பழகினேன். அது லேசில் வரவில்லை. ஹோர்ன் அடித்தவுடன் உடம்பு துள்ளும். துள்ளினது தெரியும். பிறகு மூச்சு வெளியே போகும், அதுவும் தெரியும். சில நாள் அதுவும் வராது, இறங்கி நடந்துவிடுவேன். நடக்கிறபோது கால் தெரியும், அது போதும் என்று வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள், “என்ன, பன்சலைக்குப் போய் பாவனா பழகுறியா?” என்று கேட்டார். நான் விகாரையில் தியானம் பழகுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

“இல்லக்கா, தேங்கா துருவுறேன்” என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

வேலைக்குத் திரும்பினேன். முதலில் முற்றத்தில் நிறுத்தியிருந்த காரில், எஞ்சினைப் போடாமல், இடது இருக்கையில் வெறுமனே உட்கார்ந்தேன். கண்ணாடியில் நிலையத்தின் மதிலும் ஒரு பலாமரமும் மட்டும் தெரிந்தன. நாளுக்கு நாள் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்தேன். பிறகு சின்ன ரோட்டுகள். பிறகு பெரிய ரோடு. முதலாளி நல்ல மனுஷன், அவசரப்படுத்தவில்லை. “மிஸ் ரெடியானா சொல்லுங்க” என்பதோடு விட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் வந்தார்.

ஓய்வு பெற்ற ஆசிரியை. முஸ்லிம் பெண். பேரப்பிள்ளைகள் கண்டவர். அவருடைய கணவர்தான் எப்போதும் கார் ஓட்டியவர். அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கிழமைக்குக் கிழமை கண்டி ஆஸ்பத்திரிக்கு உடற்பயிற்சிக்குக் கூட்டிப் போகவேண்டும். ஆட்டோவில் ஏற்றி இறக்குவதற்குள் அவர் அழுதுவிடுகிறாராம். வீட்டில் கார் உறை போட்டு மூடியபடி நிற்கிறது. மகள்மார் இரண்டு பேரும் வெளிநாட்டில்.

“பொம்புள ஒராள் பழக்கித் தாரன்டா வாரேன் என்டு செல்லித்தான் வந்தேன்” என்றார். “எங்கட குடும்பத்துல எல்லாரும் சிரிக்கிறாங்க, புள்ள. இந்த வயசுல எனக்கு ஏலாதாம்.”

“உங்களுக்கு என்ன தோணுது, டீச்சர்?”

“எனக்கும் ஏலா மாதிரித்தான் ஈக்கு. ஆனா அவரு அழுறதப் பாக்கவும் ஏலா.”

முதல் நாள் ஸ்டியரிங்கை அவர் பிடித்த பிடியில் கை வெளுத்துப்போனது. தோள் இரண்டும் காதுவரை ஏறி நின்றன. நான் கியர் பற்றிப் பேசவில்லை. “டீச்சர், இப்ப உங்க கால் எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“எங்க ஈக்கும்? கிளட்ச்சுலதான்!”

“மத்தக் கால்?”

அவர் மெதுவாக, “தூக்கிப் புடிச்சிட்டு ஈக்கேன்” என்றார். அவருக்கும் சிரிப்பு வந்தது. தோள் தானாக இறங்கியது.

அப்படியே தொடங்கினோம். சாவியைத் திருப்புவதற்கு முன் அவர் பிஸ்மில்லாஹ் சொல்வார். பிறகு இரண்டு பாதமும், முதுகும், கையும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்வார். ஒரு மூச்சு. அதற்குப் பிறகுதான் எஞ்சின். எஞ்சின் நின்றுபோனால் முன்பெல்லாம், “அல்லாஹ், போச்சு” என்று கையை உதறுவார். கொஞ்ச நாளில், “நின்டுட்டு” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பப் போட்டார். நான் மனசுக்குள் கை தட்டினேன்.

தென்னேகும்புரப் பாலம் தாண்டிக் கண்டிப் பக்கம் ஏறும் மேட்டில் ஒருநாள் காலை வாகனங்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. நாங்கள் நடுவில். முன்னால் நின்ற வாகனம் நகர்ந்தது. டீச்சர் கிளட்ச்சை விட்டார், எஞ்சின் நின்றது. பின்னால் ஒரு பஸ். என் கண்ணாடி முழுக்க அந்தப் பஸ்ஸின் முகம்தான். பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். கையை எடுக்காமல் அடித்தான்.

“ஹேண்ட் பிரேக் போட்டுட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க, டீச்சர்” என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

அவர் பதறவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். ஒரு மூச்சு. எஞ்சின். கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார், கார் மூக்கைத் தூக்கியது, ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். எல்லாம் பழக்கினபடி. ஆனால் கார் அதிர்ந்து மறுபடி நின்றுவிட்டது. ஹோர்ன் இன்னும் கூடியது. யாரோ சிங்களத்தில் கத்தினார்கள்.

டீச்சர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: “புள்ள, இப்ப ஒங்கட கால் எங்க ஈக்கு?”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் வலது கால் என்னுடைய பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது. அவர் செய்ததெல்லாம் சரி. காரைப் பிடித்து வைத்திருந்தது நான்.

காலை உடனே எடுக்கவில்லை. முதலில் அது அங்கே இருப்பதை உணர்ந்தேன். விரல்கள் சப்பாத்துக்குள் மடங்கியிருந்தன. அவற்றை விட்டேன். கண்ணாடியில் பஸ் இருந்தது, ஆனால் அது நின்றுகொண்டிருந்த பஸ். அது வெறுமனே ஹோர்ன் அடிக்கும் ஒரு பஸ்.

“இப்ப எடுத்துட்டேன், டீச்சர். நீங்க போங்க” என்றேன். பாதத்தைப் பிரேக்குக்கு மேலே, தொடாமல், தேவைப்பட்டால் மிதிக்கிற தூரத்தில் வைத்துக்கொண்டேன். அது என் வேலை.

அவர் மறுபடி ஹேண்ட் பிரேக், மூச்சு, எஞ்சின், கிளட்ச். கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் மேட்டில் ஏறியது. பஸ்காரன் பக்கத்தில் வந்து முந்தும்போது குனிந்து பார்த்தான். முக்காடு போட்ட வயதான அம்மாவையும் என்னையும் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

கண்டி வாவிக்கரைக்கு வந்து சேர்ந்தோம். அங்கே டீச்சர், “பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான், புள்ள. சோதனை நேரம் புள்ளைகளவிட எனக்குத்தான் நடுங்கும்” என்றார். இருவரும் சிரித்தோம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாலு பேர் முன்னால் நடுங்காமல் நின்றதாலல்ல. நடுங்கியது தெரிந்து, மிதித்த காலை நானே விட்டேனே, அதனால்தான். லொறி இடித்த நாளிலிருந்து என் கால் என் பேச்சைக் கேட்ட முதல் தடவை அது.

லைசனுக்காக ஓட்டிக் காட்டும் ட்ரயலுக்கு டீச்சர் வெள்ளை முக்காட்டோடு வந்தார். இளம் பையன்கள் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் அந்த வயது. பையன்களில் சிலர் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள், முகம் தொங்கிப்போய். டீச்சர் நிதானமாகப் போய், நிதானமாக வந்தார். இறங்கியவுடன் என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை சில்லென்று இருந்தது. “பாஸ், புள்ள” என்றார். நிலையத்துக்குத் திரும்பியபோது முதலாளி வேலையை விட்டு எழுந்து வந்து வாழ்த்தினார். அதற்குப் பிறகு பயத்தோடு யார் வந்தாலும், “அந்த மிஸ்கிட்டப் போங்க” என்று என்னிடம்தான் அனுப்புகிறார். கூட வேலை செய்கிறவர்கள் அதைக் ‘கால் பாடம்’ என்று கேலி செய்கிறார்கள். கேலி செய்கிறவர்களில் ஒருவர் போன வாரம் தனியாக வந்து, தனக்கும் அதைச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மழை நாளில் இன்னும் வரும். வந்தால் தெரிகிறது. தெரிந்தால் விடமுடிகிறது. டொக்டரிடம் இதைச் சொன்னபோது, “அதுக்கு மேல எனக்கும் ஒண்டும் தெரியாது” என்றார். நன்றாகச் சிரித்தார்.

கொஞ்ச நாளுக்கு முன் கண்டி ஆஸ்பத்திரிச் சந்தியில் பாதையைக் கடக்க நின்றுகொண்டிருந்தேன். மஞ்சள் கோட்டுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார் மெதுவாக வந்து நின்றது. டீச்சர். பக்கத்தில் அவருடைய கணவர், ஒரு கையை மடியில் வைத்தபடி, புதுச் சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கையை ஆட்டினேன். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. அவர் கண் கடக்கிற ஆட்கள்மீது இருந்தது. பிறகு பக்கக் கண்ணாடிக்குப் போனது. பிறகு ரோட்டுக்கு. தோள் இரண்டும் இறங்கியிருந்தன. எல்லோரும் கடந்து முடிந்த பிறகுதான் கார் நகர்ந்தது.

என் பக்கத்தில் மருந்துப் பையோடு நின்ற ஒரு பெண், “யாரு, தெரிஞ்சவங்களா?” என்று கேட்டார்.

“ஆமா” என்றேன். “நான் பழக்கினவங்க.”